வச்சிட்டுப் போகாத மதினி

ஊரில் பாதி வேலை "வச்சிட்டுப் போங்க" என்ற சொல்லில்தான் நடக்கிறது. தையல்காரர் ஜாக்கெட் துணியை வச்சிட்டுப் போகச் சொல்வார். மிக்சி ரிப்பேர் பார்ப்பவர் ஜாரோடு வச்சிட்டுப் போகச் சொல்வார். திருச்சுழியில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் நாங்கள் மனுவை வச்சிட்டுப் போகச் சொல்வோம். எல்லாரும் வச்சிட்டுத்தான் போவார்கள். அருப்புக்கோட்டையில் எங்கள் எதிர் வீட்டு மதினி மட்டும் போகமாட்டார்.

மதினி என்றால் எனக்கு உறவு ஒன்றும் இல்லை. அந்தத் தெருவுக்கு நாங்கள் வாடகைக்குப் போன புதிதில் குழாயடியில் அவரை "அக்கா" என்று கூப்பிட்டேன். அக்கா என்றால் கேலி பேச முடியாது, மதினி என்றே கூப்பிடு என்று அவரே உறவை மாற்றி எழுதிவிட்டார். அந்த உரிமையில்தான் இதையும் எழுதுகிறேன். அவர் மதினி ஆனதால் அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். அண்ணன் வீட்டின் பின்கட்டில் விசைத்தறி போட்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எழுதுவதும் படிப்பதும் தமிழில் மட்டும்தான். பரம்பரையாகத் தெலுங்கு பேசுகிற அந்தத் தெருவில் தெலுங்கு எழுத்து ஒன்றைக்கூட அடையாளம் காட்ட ஆள் கிடையாது.

மிக்சி கதையைச் சொன்னால் மதினி யார் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் சட்னிக்கு நடுவில் மிக்சி நின்றுவிட்டது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். மதினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, நீங்கள் பாருங்கள் என்றாராம். ஒரு பெண்மணி எதிரில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்? அவர் முதல் வேலையாக மிக்சியைப் பிரித்து, மோட்டாரில் தேய்ந்திருந்த கார்பனை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த முறை மிக்சி நின்றபோது மதினி கார்பனை மட்டும் வாங்கிவந்து தானே மாற்றினார். தெருவெல்லாம் கருகல் வாசம் வந்தது. மறுநாள் மறுபடி பிரித்து மாட்டினார். அதற்கப்புறம் அந்த மிக்சி கடைப் பக்கமே போகவில்லை.

என் அலுவலகத்துக்கும் ஒரு தடவை வந்தார். பரளச்சிப் பக்கம் அண்ணனுக்கு அம்மா வழியில் வந்த கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அதில் பெயர் மாற்ற மனு கொண்டுவந்திருந்தார். என் பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போல வச்சிட்டுப் போகச் சொன்னார். மதினி பெஞ்சில் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தார். டீ நேரம் வந்தது, போனது. பக்கத்து மேசைக்காரர் என்னிடம் மெதுவாக, உங்கள் ஊர் அம்மாவா என்று கேட்டார். எதிர் வீடு என்றேன். எழுந்திருக்க மாட்டார், பார்த்து அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன். ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் மதினி எழுந்தார். திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டு, "அந்தத் தம்பி தங்கமான தம்பி. பக்கத்துல ஆளு உட்கார்ந்தா வேலை செய்யுது" என்றார்.

இதெல்லாம் கேலிக்கு. கேலி இல்லாத விஷயம் ஒன்று அவர் நெஞ்சுக்குள் இருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் தறிக்கூடத்தில் தார் சுற்றினார். அதாவது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் கட்டையில் நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. பஞ்சுத் தூசி மூக்கிலும் வாயிலும் போய்ப் போய், ஐப்பசி பிறந்தால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். எங்கள் மாடி வீட்டுக்குப் படி ஏறி என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். இனித் தறிக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் நல்ல மனுஷன். நீ சும்மா உட்காரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தச் சும்மாதான் மதினிக்கு ஆகவில்லை. எட்டாவது நாளே ஆள் வரவில்லை என்று தார் சுற்றப் போய்விட்டார். ராத்திரி இளைப்பு வந்து, அண்ணன் ஆட்டோ பிடித்து ஓடினார். மறுநாள் நான் போய்ச் சத்தம் போட்டேன். சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சும்மா உட்கார எனக்கு வராது தாயி. தறிக்குள்ள போகாம, இந்த வீட்டுக்குள்ளயே எனக்குன்னு ஒரு வேலை வேணும். இல்லைனா நான் மறுபடியும் உள்ளதான் போவேன்." மிரட்டலாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது.

அவரிடம் ஒரு பழைய கைச்சரக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. மகளுக்கு ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மகள் கோயம்புத்தூருக்கு ஹாஸ்டலில் படிக்கப் போனபின் அது துணி போர்த்தி மூலையில் இருந்தது. மதினி துணியை எடுத்தார்.

அது நோஞ்சான் கம்ப்யூட்டர். அதில் இருந்தது காசு கொடுக்காமல் ஏற்றிய விண்டோஸ். போட்டுக் கொடுத்தவர் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் திரை கறுத்துப்போகும். ஒரு நாள் வைரஸ் வந்துவிட்டது என்று அதுவே கத்தும். ஒவ்வொரு தடவையும் மதினி பெட்டியைச் சேலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவார். அங்கேயும் ஸ்டூல் போட்டு உட்காரத்தான் பார்த்தார். ஒரு தடவை கடைக்காரர் பெட்டியை ஏசி ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல் மதினி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை வச்சிட்டு வந்தார். திரும்ப வந்தபோது பெட்டி சுத்தமாக ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லை. மகள் சடங்கு வீட்டுப் போட்டோ அத்தனையும் போயிருந்தன. ஃபார்மேட் அடித்தால்தான் சரியாகும், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கடைக்காரர் பதில் சொன்னார். யார் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று மதினி கேட்டதும் அவர் அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார்.

அன்று மதினி அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அந்த ஒரு தடவைதான். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, கடைக்காரர் கை படாமல் ஓடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மகளுக்குப் போன் போட்டார். மகள்தான் லினக்ஸ் என்ற ஒன்றைச் சொன்னாள். காசு கிடையாது, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம் என்றாள். காசு கிடையாது என்பது மதினி காதில் ஏறவில்லை. திறந்து பார்க்கலாம் என்பதுதான் ஏறியது.

யூடியூபில் தமிழில் சொல்லிக் கொடுத்தவர்கள் வேகமாகப் பேசினார்கள். தெலுங்கில் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆனால் அவர் பேசியது ஆந்திராத் தெலுங்கு. இவர்கள் வீட்டுத் தெலுங்குக்கும் அதற்கும் நடுவில் நானூறு மைல் இருக்கும். அவர் பேசுவதில் பாதி புரியவில்லை, கம்ப்யூட்டரில் பாதி புரியவில்லை, இரண்டு மீதியையும் சேர்த்தால் ஒரு முழுசு வருகிறது என்று மதினி என்னிடம் சொன்னார். மகள் லீவில் கொண்டுவந்து கொடுத்த பென்டிரைவைச் செருகி, அவள் ஊருக்குப் பஸ் ஏறிய மறுநாளே தனியாக ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் அந்தத் தெருக்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். எந்தப் பாஷை வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒவ்வொரு பாஷைக்கும் பக்கத்தில் இங்கிலீஷிலும் பெயர் இருந்தது. மதினி யோசித்தார். இது வீட்டுக்குத்தானே, ஆபீசுக்கு இல்லையே, வீட்டில் பேசுவதையே கொடுப்போம் என்று தெலுங்கைத் தொட்டுவிட்டார். அதற்குப் பிறகு கேள்விகள் எல்லாம் தெலுங்கு எழுத்தில் வந்தன. வீடியோவில் அவர் அமுக்கிய இடங்களில் எல்லாம் இவரும் அமுக்கிக்கொண்டே போனார். முடிந்து திறந்தால் திரை முழுக்க வட்ட வட்டமாக எழுத்து. தாய்மொழிதான். ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை.

நான் ஆபீஸ் விட்டு வந்தபோது அண்ணன், அண்ணனிடம் வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், ஒருவராலும் தெலுங்கைப் படிக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன். மதினி என்னை முறைத்தார். அது கடைக்காரர் செய்கிற வேலை, தான் அழிக்க மாட்டேன் என்றார்.

திரை மூலையில் சின்னதாக ஒரு மனித உருவம் இருந்தது. எழுத்து புரியாத இடத்தில் மனுஷனையாவது கேட்டுப் பார்ப்போம் என்று மதினி அதைத் தொட்டார். ஒரு பட்டியல் விழுந்தது. ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்றைத் தட்டியதும் கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்துவிட்டது. பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் வசதி அது. மூக்கடைத்த குரலில், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, தெலுங்கில் படித்தது. கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிட்டது. மதினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது படிக்கப் படிக்க, இது இல்லை, இதுவும் இல்லை, ஆங், இதுதான் என்று ஒவ்வொரு வாசலாகத் திறந்து பாஷை மாற்றும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். திரை தமிழுக்கு மாறியபோது அண்ணன் கைதட்டினார். தறியில் நூல் அறுந்து கிடந்ததுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது.

லினக்ஸில் முக்கியமான எதையாவது மாற்ற வேண்டுமென்றால், உத்தரவின் முன்னால் 'சூடோ' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர்தான் சொல்கிறார் என்று அப்போதுதான் அது ஒப்புக்கொள்ளும். வீடியோக்காரர் சொன்னது மதினி காதில் 'சூடு' என்று விழுந்திருக்கிறது. அது அவருக்கு நியாயமாகவும் பட்டிருக்கிறது. சொன்ன பேச்சு கேட்காததற்குச் சூடுதானே போடுவார்கள்? "சும்மா சொன்னா முடியாதுங்குது. ஒரு சூடு போட்டுச் சொன்னேன், சரின்னுருச்சு" என்பார். தெருவில் அது பரவிவிட்டது. யாருடைய போனாவது மெதுவாக ஓடினால்கூட அதற்கு ஒரு சூடு போடச் சொல்லி மதினியிடம் கொடுப்பார்கள். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அதையும் ரசிப்பார். கமுக்கமாக வாங்கிக்கொள்கிறது பார் என்று எனக்குக் காட்டுவார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லார் வீட்டுக்கும் லினக்ஸ் போட்டுவிடலாமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் என் கணவர் ஆசைப்பட்டு மதினியிடம் சொல்லிப் போட்டார். ஒரு வாரம் தாங்கவில்லை. அவருக்கு வேண்டிய விளையாட்டு அதில் இல்லை, அவருடைய ஆபீஸ் ஃபைல் கோணல்மாணலாகத் திறந்தது. பழையபடி விண்டோஸுக்கே போய்விட்டார். மதினி வீட்டிலும் அண்ணனின் பழைய பிரிண்டரை அது கடைசி வரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. மதினி எத்தனையோ சூடு போட்டுப் பார்த்தார். பிறகு, இது ஆகாது என்று ஒத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடையில் போய்ப் பிரிண்ட் எடுத்தார். முடியாததை முடியாது என்று சொல்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் சினிமா பார்ப்பது, மகளோடு முகம் பார்த்துப் பேசுவது, கரண்ட் பில் கட்டுவது, டைப் அடிப்பது எல்லாம் அந்த நோஞ்சான் பெட்டியில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. கடைக்கு ஆட்டோ பிடிப்பது நின்றுபோனது. கோளாறு வந்தால் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கு அது நல்ல சாமான். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது, மதினிக்கு இருந்தது.

டைப் அடிப்பதில் இன்னொரு கூத்து. பழைய தமிழ் டைப்ரைட்டரில் 'யளனக' என்று பழகிய விரல் அவருக்கு. அந்தப் பழைய வரிசையே லினக்ஸில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எங்கள் வீட்டுக்கு ஜாங்கிரி வந்தது. அந்தச் சமயம் எங்கள் அலுவலக ஊழியர் சங்கத்தின் சுற்றறிக்கை ஒன்றை நான் பென்டிரைவில் கொண்டுபோனேன். பழைய எழுத்துருவில் அடித்தது. அங்கே திறந்தால் தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. நான் பார்த்தீர்களா உங்கள் லினக்ஸை என்றேன். மதினி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மேசையில் விரலை வைத்து, திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெறும் மரத்தில் தட்டினார். அந்த இடத்தில் டைப்ரைட்டரில் எந்தத் தமிழ் எழுத்து இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். தட்டிக்கொண்டே, "அன்புத் தோழர்களே" என்று படித்தார். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஒரு ஐப்பசி இளைப்பில்லாமல் போய், அடுத்த ஐப்பசியும் நெருங்கியது. ஆனால் வேலை என்று சொல்ல ஒன்றும் அமையவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தார், கோவில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். எல்லாம் சொந்தக்காரர்களுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவருடைய கண் பின்கட்டுப் பக்கம் போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தார் சுற்ற வந்த பெண் நின்றுவிட்டாள், வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணன் ஒரு நாள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மதினியிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன். சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும் என்றார்.

அந்த வாரம்தான் மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். சென்னையில் ஒரு கம்பெனி, தெலுங்கு சீரியல்களைத் தமிழில் மாற்றுகிறவர்கள். தெலுங்கைக் காதால் கேட்டு, தமிழில் வசனத்தை அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று போட்டிருந்தது. தெலுங்கு படிக்கத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மதினி அதைப் பலமுறை படித்தார். என்னிடமும் கொண்டுவந்து காட்டினார். எனக்காகவே எழுதின மாதிரி இருக்கிறதே என்றார்.

மகள் சொன்னபடி மெயில் போட்டார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், கம்ப்யூட்டரில் விண்டோஸ் தானே என்று கேட்டாள். இல்லை, லினக்ஸ் என்றார் மதினி. அவர்கள் கொடுக்கும் சாஃப்ட்வேர் அதில் ஓடாது, விண்டோஸ் வாங்கிவிட்டுச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் மரியாதையாகவே போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் உடனே லோனு போட்டுப் புது லேப்டாப் எடுத்துவிடலாம் என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். மதினி வேண்டாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவருக்காகத் தெருவே கவலைப்படுகிறது, கதவு திறக்கிற நேரத்தில் இவர் நிலைப்படியில் நின்றுகொண்டு அடம் பிடிக்கிறார்.

"மதினி, உங்களுக்கு வேலை வேணுமா, வீம்பு வேணுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"வேலைதான் வேணும். அதான் சொல்லுதேன். அந்த லேப்டாப்பு படுத்துக்கிட்டா நான் எங்க போவேன்? திரும்பக் கடையிலதான் வச்சிட்டு வரணும். அது வார வரைக்கும் சும்மா உட்காரணும். சும்மா உட்கார்ந்தா என் காலு எங்க போகும்னு உனக்குத் தெரியும். இது படுத்தா நானே எழுப்புவேன் தாயி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் கம்பெனிக்குத் தெரிய வேண்டுமே என்றேன். தெரியவைப்போம் என்றார். அன்றே அந்தப் பெண்ணுக்கு ஒரு மெயில் போட்டார். உங்கள் சாஃப்ட்வேர் என்னென்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். அவளும் பொறுமையாகப் பதில் எழுதினாள். வீடியோ ஓடும், நிறுத்தி நிறுத்தி வசனத்தை அடிக்கலாம், எந்த வசனம் எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று நேரம் பதியும், கடைசியில் ஒரு ஃபைல் வரும், அந்த ஃபைல்தான் எங்களுக்கு வேண்டும்.

அதே வேலையைச் செய்கிற ஒன்று லினக்ஸிலேயே இலவசமாகக் கிடந்தது. தேடி எடுத்துப் போட்டார். ஆந்திரக்காரர் ஒருவர் மாடு வளர்ப்பதைப் பற்றிப் பேசும் வீடியோவை வைத்துப் பழகினார். முதல் நாள் நேரம் ஒரு வரி முந்திக்கொண்டது. எருமை வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் பேச்சு திரையில் எழுத்தாக வந்தது. மதினி சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக இழுத்துச் சரி செய்தார். சரியானதும் அந்த ஃபைலை அனுப்பி, இது உங்கள் பக்கம் திறக்கிறதா என்று கேட்டார்.

திறந்தது. ஆனால் அவர்களுக்குச் சந்தேகம். வேறு யாரோ செய்து கொடுத்தது என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு சனிக்கிழமை காலையில் வீடியோ காலில் வாருங்கள், நாங்கள் ஒரு காட்சி அனுப்புகிறோம், எங்கள் கண் முன்னால் செய்யுங்கள், உங்கள் திரை எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். இதில் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் மெயிலில் இருந்தது. மதினி என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். அவர் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது. பின்கட்டில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. விருதுநகர் வியாபாரிக்குச் சரக்கு போக வேண்டிய நேரம். மதினி தலை சீவி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் திரையில் வந்தாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் முகத்தைச் சுளித்தாள்.

"மேடம், என்ன சத்தம் அது? நீங்க பேசுறது எதுவுமே கேக்கல. வேற அமைதியான இடத்துக்குப் போக முடியுமா?"

"இதுதாம்மா வீடு. வேற இடம் இல்ல. நீங்க காட்சிய அனுப்புங்க, நான் பாத்துக்கிடுறேன்."

அவர் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்காது. என்ன மேடம், என்ன மேடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மதினி குரலை உயர்த்தினார். உயர்த்தியதும் இருமல் வந்தது. நான் அவர் முதுகைத் தடவினேன். எல்லாம் இங்கேயே முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

அப்போது சத்தம் நின்றது. ஒரு தறி, அடுத்த தறி என்று ஒவ்வொன்றாக அடங்கி, கடைசித் தறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று பதறி மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்திய வீட்டை நான் அந்தத் தெருவில் பார்த்ததே இல்லை. பின்வாசலில் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

காட்சி வந்தது. மாமியாரும் மருமகளும் சண்டை போடும் காட்சி. மதினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு தடவை முழுக்கக் கேட்டார். பிறகு விரல் ஓட ஆரம்பித்தது. கேட்பார், நிறுத்துவார், அடிப்பார். மாமியார் பேசியது எங்கள் தெருப் பெண்கள் பேசுவது போலவே தமிழில் வந்து விழுந்தது. ஓர் இடத்தில் நின்றார். திரும்பத் திரும்ப அதையே ஓட்டினார். 

"இந்த ஒரு வார்த்தை எங்க வீட்டுத் தெலுங்குல இல்லம்மா. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி அடிக்க மாட்டேன். இடம் விட்டிருக்கேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

முடித்து அனுப்பினார். அந்தப் பக்கம் ஃபைலைத் திறந்து வீடியோவோடு ஓட்டிப் பார்த்தார்கள். மாமியார் திட்டியபோது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்ட வார்த்தைக்கு அவளே அர்த்தம் சொன்னாள். மதினி அதை அடித்து இடத்தை நிரப்பினார். பிறகு அவள் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி சிஸ்டம் மேடம், எங்களிடம் யாரும் இப்படி வைத்திருக்கவில்லையே என்று கேட்டாள்.

மதினி ஹெட்போனைச் சரி செய்துகொண்டார்.

"கம்பெனி ஒண்ணும் இல்லம்மா. இது என்னோடது."

அவள் தலையாட்டினாள். முதல் எபிசோடை இப்போதே அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மதினியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. எபிசோட் வந்திருந்தது, அதைத் திறந்துவிட்டார்.

அண்ணன் பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, முடிந்ததா, தறியை ஓட்டட்டுமா என்று தெலுங்கில் கேட்டார். மதினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் இருங்கள் என்று கையைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் சரியென்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.